நார் நெசவுச் சுவர்த்தாள் ஒட்டப் போகிறவர்களுக்கு: அளவெடுப்பதிலிருந்து ஒட்டி முடிப்பதுவரை

எங்கள் வரவேற்பறையின் ஒரே ஒரு சுவருக்குச் சிசல் நாரால் நெய்த சுவர்த்தாள் ஒட்டி முடிக்க எனக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. அதில் ஒட்டும் வேலை ஒன்றரை நாள்தான். மற்ற நாள்களெல்லாம் சுவர் காய்வதற்கும், குறைந்துபோன ஒரு ரோலுக்காகக் காத்திருப்பதற்கும், விற்றவருக்குக் கடிதம் எழுதுவதற்கும் போயின. கடைசியில் வந்த ரோல் வேறு லாட்டை, அதாவது வேறொரு முறை சாயமிட்டுத் தயாரித்த தொகுதியைச் சேர்ந்ததாக இருந்தது. நான்கு பட்டைகள் காய்ந்த வைக்கோல் நிறத்தில் இருக்க, ஐந்தாவது பட்டை மட்டும் லேசாகச் சாம்பல் பூத்ததுபோல் தெரிகிறது. அதன் முன்னால் இப்போது ஒரு புத்தக அலமாரி நிற்கிறது.

வெப்பமண்டல வீடுகளின் அழகை, அதாவது பிரம்பு நாற்காலி, தேக்கு மேசை, வெள்ளைப் பருத்தித் திரை, நார் நெய்த சுவர் என்ற அந்த அடக்கமான அழகை, தம் வீட்டுக்கும் கொண்டுவர விரும்புகிறவர்கள் நான் விழுந்த குழிகளில் விழாமலிருக்க இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் பணம்தான் போகும்.

1. இணைப்புக் கோடு தெரியும் என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள்

அச்சிட்ட வால்பேப்பரில் ஒரு பட்டையின் பூவும் அடுத்த பட்டையின் பூவும் பொருந்திவிடுவதால் இரண்டும் சேரும் இடம் கண்ணுக்குத் தெரியாது. கிராஸ்கிளாத் என்று கடைகளில் சொல்லப்படும் நார் நெசவுத் தாளில் இது நடக்காது. சணல், சிசல், ராஃபியா போன்ற நார்களைக் குறுக்காகவும் மெல்லிய நூலை நெடுக்காகவும் வைத்து நெய்து, பின்னால் ஒரு தாளை ஒட்டியிருப்பார்கள். நாரின் தடிமன் ஓரிடத்தில் இருப்பதுபோல் இன்னோரிடத்தில் இருக்காது. அவை சாயத்தை உறிஞ்சும் அளவும் வேறுபடும். ஆகவே எவ்வளவு கைதேர்ந்தவர் ஒட்டினாலும் பட்டைகள் தனித்தனிப் பலகைகளைப்போல நிற்கும். இது குறையல்ல, இந்தத் தாளின் இயல்பு. வாங்குவதற்கு முன், ஏற்கெனவே ஒட்டப்பட்ட ஒரு முழுச் சுவரைப் பகல் வெளிச்சத்தில் நேரில் பாருங்கள். அந்தக் கோடுகள் உங்கள் கண்ணை உறுத்தினால் இத்துடன் நிறுத்திவிட்டு, நல்ல சுண்ணாம்புப் பூச்சையோ மங்கலான எமல்ஷனையோ தேர்ந்தெடுப்பதே நல்லது.

2. அறையையும் நாரையும் பொருத்துங்கள்

ஈரமும் புகையும் இல்லாத அறைதான் இதற்கு ஏற்றது. குளியலறை, அடுப்பின் பின்சுவர், கை கழுவும் தொட்டியின் மேற்பகுதி ஆகியவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். நார் நீரை உறிஞ்சும். தாளிப்பு வாடையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நாள் முழுவதும் நேர் வெயில் விழும் சுவரும் ஆகாது. எல்லா இயற்கை நார்களும் வெயிலில் நிறம் மாறும் என்றாலும் சணல் விரைவாக மஞ்சளித்துப் பழுப்பாகிவிடும். அதிலுள்ள லிக்னின் என்ற இயற்கைப் பொருள் ஒளி பட்டால் மாறுவதே காரணம்.

சிசல் என்பது ஒருவகைக் கற்றாழையின் இலையிலிருந்து எடுக்கும் நார். விறைப்பாகவும் சீராகவும் இருக்கும், சாயத்தை நன்றாக ஏற்கும். எனவே கரும்பச்சை, அவுரி நீலம் போன்ற ஆழ்ந்த நிறங்கள் வேண்டுமானால் இதில் தேடுங்கள். ஆனால் பூனை வளர்க்கும் வீட்டுக்கு ஆகாது. பூனை நகம் தீட்டும் கம்பத்தில் சுற்றியிருப்பதும் இதே நார்தான். ராஃபியா பனை வகையைச் சேர்ந்த மரத்தின் ஓலையிலிருந்து வருவது. அகலமான, மெல்லிய பளபளப்புள்ள இழைகள், மாலை விளக்கில் மிக அழகாக இருக்கும். வாழை இனத்தைச் சேர்ந்த அபாகாவின் நார் கயிறு திரிக்கும் அளவுக்கு வலுவானது. தாளையே முறுக்கி நூலாக்கி நெய்த வகையும் உண்டு. அதில் முடிச்சுகளும் பிசிறும் குறைவு, ஒட்டுவதும் எளிது. முதல் முறை செய்கிறவர்களுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். மரத்தக்கையை மெல்லிய தகடாகச் சீவி ஒட்டிய தாள் நார் நெசவில் சேராது என்றாலும் அருகில் வைத்துப் பார்க்கத் தக்கது. தக்கை நீரை எளிதில் உள்ளே விடாது, ஓசையையும் சற்று அடக்கும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். வெப்பமண்டலப் பாணி என்றதும் பலர் வாழையிலையும் கிளியும் அச்சிட்ட தாளுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு சிறிய அறைக்கு அது சரி. தினமும் உட்காரும் அறையில் ஆறு மாதத்தில் அலுத்துவிடும் என்பது என் எண்ணம். சுவர் மணல் நிறத்திலோ வைக்கோல் நிறத்திலோ அமைதியாக இருக்கட்டும். பச்சை வேண்டுமானால் அதை ஒரு உயிருள்ள செடி கொண்டுவரட்டும். பிரம்பும் சணல் விரிப்பும் நார்ச்சுவரும் ஒரே பழுப்பில் கலந்துவிட்டால் அறை மங்கிப்போகும் என்பதால், கருமையாக மெருகேற்றிய மரம், வெளுத்த பருத்தி, மண்பாண்டம் என எதிர் நிறத்தில் இரண்டொரு பொருளாவது இருப்பது அவசியம்.

3. சாம்பிளைச் சுவரில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்

உள்ளங்கை அளவுத் துண்டு போதாது. குறைந்தது எழுதும் தாள் அளவுள்ள சாம்பிளைக் கட்டணம் கொடுத்தாவது வாங்குங்கள். அதைச் சுவரில் ஊசியால் குத்தி, காலை, உச்சி, விளக்கு ஏற்றிய பின் என மூன்று வேளையும் பாருங்கள். சுவரை ஒட்டி மேலிருந்து கீழே ஒளி வழியும் விளக்குகள் இருந்தால் அவற்றையும் போட்டுப் பாருங்கள். அந்தச் சாய்ந்த ஒளி நாரின் மேடுபள்ளத்தை அழகாக எடுத்துக்காட்டும். அதே ஒளிதான் இணைப்புகளையும் சுவரின் கோணலையும் காட்டிக்கொடுக்கும். சாம்பிளின் ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் காயவிடுங்கள். காய்ந்த பின் எஞ்சும் வளையத்தைப் பார்த்தால், இந்தத் தாளோடு எப்படிப் பழக வேண்டும் என்பது புரிந்துவிடும்.

4. சுவரின் ஓதத்தைச் சோதியுங்கள்

புதிதாகச் சிமெண்ட் பூசிய சுவர் என்றால் குறைந்தது 28 நாள்கள் காய வேண்டும். மழைக்காலத்தில் அதற்கு மேலும் ஆகும். பழைய சுவரானாலும் சோதிக்காமல் விடாதீர்கள். அரை மீட்டர் சதுரமுள்ள பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, ஒரு முழு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவருக்குள்ளேயே ஈரம் இருக்கிறது. வெளிப்புறம் கோத்திருந்தால் அறைக்காற்றில் ஈரம் மிகுதி. முதலாவதற்குக் கசிவை அடைக்க வேண்டும், இரண்டாவதற்குக் காற்றோட்டம் வேண்டும். எனக்கு உட்புறம் கோத்தது. சுவரின் மறுபக்கத்தில் ஓடிய குழாய் ஒன்றின் கசிவு அது. சோதிக்காமல் ஒட்டியிருந்தால் அடுத்த மழைக்குள் பூஞ்சணம் பிடித்திருக்கும். சுவரில் உப்புப் பூத்திருந்தால் அதைத் தேய்த்துவிட்டு மேலே பிரைமர் அடிப்பதால் பயனில்லை. ஈரம் நின்றால்தான் உப்பு நிற்கும்.

அறையின் ஈரப்பதத்தைக் காட்டும் சிறு கருவியை வாங்கி வையுங்கள். 40 முதல் 60 விழுக்காடு நல்லது. 70ஐத் தாண்டியே இருக்கும் அறையில் பூஞ்சணத்தைத் தடுப்பது கடினம். ஏசி ஓடும் அறையின் வெளிச்சுவருக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. வெளியே வெப்பமும் ஈரமும் மிக்க காற்று, உள்ளே குளிர்ந்த சுவர் என்று இருக்கும்போது ஈரம் வெளியிலிருந்து உள்நோக்கி வரும். தாளின் அடியில் வினைல் என்ற பிளாஸ்டிக் படலம் இருந்தால் அந்த ஈரம் அதன் பின்னால் தேங்கிவிடும். மேலே நார் தெரிந்தாலும் அடித்தாள் எதனால் ஆனது என்று கேட்டு, காகிதம் என்றால் மட்டுமே அந்தச் சுவருக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கரையான் தொல்லை உள்ள வீடானால் அதற்கான மருந்து வேலையையும் இப்போதே முடித்துவிடுங்கள். ஒட்டிய பிறகு சுவரைத் துளையிட முடியாது.

5. சதுர மீட்டரில் கணக்கிடாதீர்கள், பட்டைகளாக எண்ணுங்கள்

நான் ஏமாந்த இடம் இதுதான். எங்கள் சுவர் 4.20 மீட்டர் அகலம், 2.75 மீட்டர் உயரம். பரப்பு 11.55 சதுர மீட்டர். நான் வாங்கிய ரோல் 91 சென்டிமீட்டர் அகலமும் 7.3 மீட்டர் நீளமும் கொண்டது; பரப்பு சுமார் 6.64 சதுர மீட்டர். வகுத்தால் 1.74 வருகிறது, ஆகவே இரண்டு ரோல் போதும், மிச்சமும் இருக்கும் என்று முடிவு செய்தேன். விற்றவரும் தலையாட்டினார்.

சரியான கணக்கு வேறு. மேலும் கீழும் வெட்டிச் சரிசெய்ய ஒவ்வொரு பட்டைக்கும் 10 சென்டிமீட்டர் கூடுதலாக வேண்டும். அதாவது ஒரு பட்டை 2.85 மீட்டர். 7.3 மீட்டர் ரோலில் அப்படி இரண்டு பட்டைகள்தான் வெட்ட முடியும். மீதி 1.60 மீட்டர் முழு உயரத்துக்கு உதவாது. அகலத்தில், ஓரம் வெட்டப்படாத தாளின் இரு விளிம்புகளையும் நீக்கினால் எனக்குக் கிடைத்த பயன் அகலம் 87 சென்டிமீட்டர். 420ஐ 87ஆல் வகுத்தால் 4.8, ஆகவே ஐந்து பட்டைகள் வேண்டும். இரண்டு ரோலில் நான்கே கிடைக்கும். மூன்று ரோல் வாங்கியிருக்க வேண்டும். கதவு, சன்னல்களுக்குக் கழிக்கவும் கூடாது. அந்த 1.60 மீட்டர் மிச்சங்களைக் கதவின் மேலும் சன்னலின் கீழும் பயன்படுத்தலாமே தவிர, அவற்றை நம்பி ஒரு ரோலைக் குறைக்காதீர்கள். கணக்கில் வருவதற்கு மேல் ஒரு ரோல் சேர்த்து வாங்கிவிடுவது இன்னும் பாதுகாப்பு.

இன்னொரு நுணுக்கம் ஒட்ட வந்தவர் சொல்லித் தந்தது. முழு அகலப் பட்டைகளாக ஒட்டிக்கொண்டே போனால் கடைசியில் 72 சென்டிமீட்டரில் ஒரு குறுகிய பட்டை நிற்கும். அதற்குப் பதிலாகச் சுவரை ஐந்து சம பாகமாக்கி 84 சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெட்டினால், இணைப்புகள் திட்டமிட்டு அமைத்த பலகைக் கோடுகளைப்போல இருக்கும். இரு மூலைகளிலும் வரும் பட்டைகளில் மட்டும் இரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, மூலைக்குள் அழுத்திய பிறகு வெட்ட வேண்டும். ஏனென்றால் எந்த மூலையும் நேராக இருப்பதில்லை.

6. காகிதங்களைச் சரிபார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

ஆர்டர் உறுதிச் சீட்டில் பொருளின் குறியீடு, நிற எண், ரோல் எண்ணிக்கை, ஒவ்வொரு ரோலின் நீள அகலம், ஓரம் வெட்டப்பட்டதா இல்லையா, அடித்தாள் வகை ஆகியவற்றோடு, எல்லா ரோல்களும் ஒரே லாட்டிலிருந்து வரும் என்ற வரியும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை என்பதை நான் மூன்று கடிதங்கள் எழுதிய பிறகே உணர்ந்தேன். கடையில் பார்த்த சாம்பிள் பழைய லாட்டினதாக இருக்கலாம் என்பதால், உங்களுக்கு அனுப்பப்போகும் லாட்டிலிருந்தே வெட்டிய ஒரு துண்டை முதலில் அனுப்பச் சொல்லி, அதற்கு ஒப்புதல் கொடுத்த பிறகே மீதிப் பணத்தைக் கட்டுங்கள். கேட்டால் பெரும்பாலும் அனுப்புவார்கள். கேட்காவிட்டால் யாரும் அனுப்பமாட்டார்கள்.

திருப்பி எடுக்கும் நிபந்தனையைச் சிறிய எழுத்துவரை படியுங்கள். மூன்று பட்டைகளுக்கு மேல் ஒட்டிவிட்டால் எந்தப் புகாரும் ஏற்கப்படாது என்ற விதி இந்தத் தொழிலில் பரவலாக உண்டு. சிலர் வெட்டிய ரோலையே ஏற்பதில்லை. நெய்து தருவதற்கான ஆர்டரை இடையில் ரத்து செய்ய முடியுமா என்பதையும் கேளுங்கள். தீப்பிடிப்புத் தன்மைக்கான சோதனைச் சான்றையும், ஒட்டும் முறை விளக்கத் தாளையும் வாங்கிக்கொள்ளுங்கள். ரோல் வந்ததும் பிரித்து ஒவ்வொன்றின் லாட் எண்ணையும் ஒப்பிட்டு, லேபிள்களைப் படமெடுத்து வையுங்கள்.

வாடகை வீடு என்றால் உரிமையாளரின் எழுத்து ஒப்புதல் தேவை. காலி செய்யும்போது உரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு யாருடையது என்பது அதில் இருக்க வேண்டும். அடுக்குமாடியில் வேலை நேரத்துக்கும் பொருள் ஏற்றுவதற்கும் குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி வேண்டியிருக்கலாம். ஒட்டுபவரோடும் ஒரு பக்க ஒப்பந்தமாவது எழுதிக்கொள்ளுங்கள்: சுவர் வேலை யாருடையது, பசை யார் வாங்குவது, வெட்டும்போது தாள் வீணானால் யார் பொறுப்பு.

7. செலவும் நாளும்

தாளின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர் எவரும் பாதி வழியில் திகைப்பார். ரோல் விலையோடு கொண்டுவரும் செலவு, கூடுதல் ரோல், சுவர் பட்டி வேலை, பிரைமர், அடியில் ஒட்டும் வெற்றுத் தாள், பசை, ஒட்டுக்கூலி, சாமான்களை நகர்த்தும் கூலி எல்லாம் சேரும். எனக்கு ஆன மொத்தத்தில் தாளின் விலை பாதிக்குச் சற்றே மேல். நார்த்தாளுக்கு ஒட்டுக்கூலி சாதாரண வால்பேப்பரைவிட அதிகம். அதில் பேரம் பேசாதீர்கள். கையால் நெய்த தாளை ஒட்டிப் பழக்கமுள்ளவரா என்று கேட்டு, அவர் முன்பு செய்த சுவர் ஒன்றைப் பார்த்துவிட்டு அவர் சொல்வதைக் கொடுங்கள்.

நாள் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். விருந்தினர் வரும் நாளுக்கு மூன்று நாள் முன்பு ஒட்டி முடித்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்பு ரோல்கள் அந்த அறைக்குள் வந்திருக்க வேண்டும். அதற்கும் முன்பு பிரைமர் ஒரு முழு நாள் காய்ந்திருக்க வேண்டும். கையிருப்பு இல்லாத நிறமானால் நெய்து வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், ரோல் கைக்கு வராமல் ஒட்டுபவருக்குத் தேதி கொடுக்கவே கூடாது.

8. சுவரைத் தயார் செய்தல்

பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, வால்பேப்பருக்கான பிரைமர் அடிக்க வேண்டும். அந்தப் பிரைமரில் தாளின் அடி நிறத்துக்கு நெருங்கிய நிறத்தைக் கலந்துவிடுங்கள். வெள்ளையாக விட்டால் இணைப்பில் மயிரிழை இடைவெளி விழுந்தாலும் வெள்ளைக் கோடாகத் தெரியும். சுவர் முழுமையாக வழவழப்பாக இல்லையென்றால் வெற்றுத் தாளைக் கிடைமட்டமாக ஒட்டி, அதன்மேல் நார்த்தாளை நெடுக்காக ஒட்டுவது நல்லது; இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாது, பசையின் ஈரமும் சீராக இறங்கும்.

9. ஒட்டும் நாள்

நீங்களே ஒட்டப்போவதில்லை என்றாலும் அன்று வீட்டில் இருங்கள். சுவிட்ச் பலகைகளைக் கழற்றுவதற்கு முன் மெயினை அணைக்க வேண்டும். பட்டைகளை வெட்டும்போதே ஒவ்வொன்றின் பின்புறத்திலும் வரிசை எண்ணையும் மேல்நோக்கிய அம்புக்குறியையும் பென்சிலால் போடச் சொல்லுங்கள். ரோலில் வந்த வரிசையிலேயே ஒட்ட வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைகீழாக ஒட்டச் சொல்லும் தாளும் உண்டு, கூடாது என்று சொல்லும் தாளும் உண்டு. விளக்கத் தாளில் உள்ளதே விதி.

முதல் பட்டை தூக்குக்குண்டு விட்டு இழுத்த கோட்டில் நிற்க வேண்டும். கூரையையோ கதவுச் சட்டத்தையோ நம்பக்கூடாது. பசை நிறமற்றதாக, கறை விடாததாக, கெட்டியாக இருக்க வேண்டும். நீர்த்த பசை பட்டால் நார் அடித்தாளைவிட்டுக் கழன்றுவிடும். எல்லாப் பட்டைகளையும் பசை தடவிய பின் ஒரே அளவு நேரம் ஊறவிட வேண்டும். விளிம்பு வெட்டும் பிளேடை ஒன்றிரண்டு வெட்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மழுங்கிய பிளேடு நாரை அறுக்காது, இழுக்கும். கடினமான பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரைத் தூர வைத்துவிட்டு மென்மையான பிரஷால் மேலிருந்து கீழாகத் தடவ வேண்டும். உள்மூலையில் தாளை மடித்துக் கொண்டுபோகாமல் வெட்டிச் சேர்ப்பதே நிற்கும்.

முன்பக்கத்தில் பசை படவே கூடாது. எங்கள் சுவரில் கட்டைவிரல் அளவு பட்டது. உதவிக்கு வந்த பையன் பதறி ஈரத்துணியால் தேய்த்தான். கறை உள்ளங்கை அளவாயிற்று. அப்படிப் பட்டுவிட்டால் தேய்க்காமல் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தடம் முழுவதும் போகாது, ஆனால் பரவாது.

மூன்றாவது பட்டை முடிந்ததும் வேலையை நிறுத்தச் சொல்லி, விளக்குகளைப் போட்டு, அறையின் மறுமூலையிலிருந்து பாருங்கள். நிறம் ஒவ்வாமல் இருந்தால் புகார் சொல்லும் உரிமை அதோடு முடிகிறது. ஒட்டி முடித்த இரண்டு நாள்களுக்கு ஏசியையும் வேகமான மின்விசிறியையும் போடாதீர்கள். சீக்கிரம் காய்ந்தால் தாள் சுருங்கி இணைப்பு வாய் திறக்கும்.

10. பிறகு

மாதம் ஒரு முறை வாக்குவம் கிளீனரின் மென்மையான பிரஷ் முனையால் மேலிருந்து கீழாகத் தூசி எடுத்தால் போதும். ஈரத்துணி, சோப்பு, ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். நாற்காலி முதுகு சுவரில் உரசாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். தாளையும் மாவுப் பசையையும் அரிக்கும் வெள்ளிப் பூச்சிகள் ஈரமான மூலைகளில்தான் சேரும் என்பதால், அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் காற்றோட இடம் விடுங்கள். பிரிந்த நார் நுனி தென்பட்டால் இழுக்காமல் கூர்மையான கத்தரியால் நறுக்கிவிடுங்கள்.

மிஞ்சிய துண்டுகளை மடிக்காமல் சுருட்டி, லாட் எண் எழுதிய லேபிளோடு இருட்டான, உலர்ந்த இடத்தில் வையுங்கள். பின்னால் ஒட்டுப்போட நேர்ந்தால், வெளிச்சம் பட்டு நிறம் மாறிய சுவருக்கு அந்தத் துண்டு உடனே பொருந்தாது. ஒட்டுவதற்குச் சில வாரங்கள் முன்பே அதை எடுத்து அதே அறையில், அதே வெளிச்சத்தில் விரித்து வைத்திருங்கள்.